மூன்றாவது விசிலுக்கு அடுத்த கேள்வி

கேசட்டின் முதுகில் இரண்டு மூலைகளிலும் பல் மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை ஒடித்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் அழுந்தாது. கேசட்டில் இருப்பதை யாரும் அழிக்க முடியாது. ஒடித்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டினால் பட்டன் மறுபடி அழுந்தும் என்பதும் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரியும். எட்டுக் கேசட்டுகளில் என் கையாலேயே பல்லை ஒடித்தவள் நான். அந்த எட்டிலும் டேப் ஒட்டியவளும் நான்தான்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. விவேக் நகரில், கோயில் மைக் பேசினால் எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும் தூரத்தில் குடியிருந்தோம். நான், கணவர், மாமியார் மூன்று பேர். கணவருக்கு ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை, எனக்கு ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலை. வியாழக்கிழமை சர்ச்சில் நவநாள் செபத்துக்குப் போகும்போது கோயில் வாசலில் ஒரு அம்மாளிடம்தான் மெழுகுவர்த்தி வாங்குவேன். ஈஜிபுராவிலிருந்து பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து விற்கிறவர். ஒருநாள் மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சரம்மா, என் பொண்ணு செகண்ட் பியூசி படிக்குது. அதுக்குப் பொறந்ததுலருந்தே கண்ணு தெரியாது. காலேஜுல ஹிஸ்டரி நோட்ஸ் குடுக்கறாங்க, அதை யாரு படிச்சுச் சொல்றது? எனக்கு கையெழுத்தே போட வராது."

"கேசட்டுல படிச்சுக் குடுக்கறேன்" என்றேன். என் வாய் எப்போதும் முன்னால் போய் நின்றுவிடும். பயம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். வரலாறு என் பாடமே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பியூசி என்றால் பன்னிரண்டாம் வகுப்பு; அந்த ஒரு வருஷம் முழுக்கப் படித்தேன். சாப்பாட்டு மேசையில் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை வைத்து, நோட்ஸில் உள்ளதை ஆங்கிலத்தில் ஒரு தடவை, அதையே தமிழில் ஒரு தடவை. பக்கத்திலேயே சமையலறை. மாமியாரின் குக்கர், தெருவில் கீரைக்காரர் கன்னடத்தில் கூவும் "சொப்பூ, சொப்பு", வியாழக்கிழமையானால் நவநாள் செபம், எல்லாம் என் குரலோடு சேர்ந்தே பதிந்தன. ஒரு கேசட்டில் ஒரு பாடம் என்று எட்டுப் பாடம். அந்தப் பெண் கேசட் டப்பாவில் கத்தியால் கீறி அடையாளம் வைத்துக்கொள்வாள். ஒன்றுக்கு ஒரு கீறல், எட்டுக்கு எட்டு.

அந்த ஜனவரியில் எங்கள் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, ஜூனிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். வீட்டில் நான் சொல்லவில்லை. இரண்டு சம்பளத்தை நம்பி அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். கணவர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து வாங்கி, அதற்குத் துணியில் உறைகூடத் தைக்கச் சொல்லியிருந்தார். அந்த உறையைப் பார்க்கும்போதெல்லாம் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். ஏப்ரல் வரைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஹெச்.எம். சொன்ன அன்றுகூட வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல அந்தப் பெண்ணுக்கு ஏழாவது பாடம் படித்தேன்.

பழைய கேசட்டுகளில் இரைச்சலை எடுத்து சிடியில் போட்டுக் கொடுக்க ஆட்களைத் தேடுகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரோடு வந்த ஒரு சிடியில் அதற்கான சாஃப்ட்வேர் இருந்தது. பழகிப் பார்க்கக் கேசட் வேண்டும். இரைச்சலோடு இருந்த கேசட்டுகள் எனக்குத் தெரிந்து எட்டுதான். அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"இருக்கட்டும் மிஸ், இதுவே நல்லா இருக்கு" என்றாள்.

மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எட்டையும் வாங்கி வந்தேன். அவளுக்கு உதவி என்று வெளியே சொன்னேன். என் பிழைப்புக்கு அவள் பாடத்தில் கை பழகினேன் என்பதுதான் உண்மை.

முதல் நாள் சத்தமே வரவில்லை. டூ-இன்-ஒன்னிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டு, கேசட்டை ஓடவிட்டு உட்கார்ந்தால், திரையில் ஒரு கோடு ஆடாமல் அசையாமல் நேராகப் போனது. ஒரு மணி நேரம் ஒயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தேன். சத்தம் எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் 'மைக்' என்று இருந்ததை 'லைன் இன்' என்று மாற்ற வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. மாற்றியதும் என் குரல் வந்தது. கூடவே உம்ம்ம் என்று ஒரு முழக்கமும் வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் முழக்கம் நிற்கும், கையை எடுத்தால் திரும்ப வரும். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டியிருந்தோம். சமையலறையின் மூன்று கால் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்தேன். அன்றிலிருந்து மாமியாரின் மிக்ஸிக்கும் என் கம்ப்யூட்டருக்கும் தினமும் பஞ்சாயத்துதான்.

பிறகு சத்தத்தின் அளவு கூடி, திரையில் சிவப்பு எரிந்து, என் குரல் தகரத்தைக் கிழித்தது. அளவைக் குறைத்தேன். ஒரு பக்கம் முழுதும் ஏற்றி முடித்து சேவ் கொடுக்கப் போகும் நேரத்தில் கரண்ட் போனது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேவ் கொடுக்கப் பழகினேன். டிஸ்க் நிறைந்துவிட்டது என்றது. ஏற்றிய மூலத்தையெல்லாம் அழித்துவிட்டு, சுத்தம் செய்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். கேசட்டில்தான் மூலம் இருக்கிறதே என்ற தைரியம்.

சாஃப்ட்வேரிடம் ஒரு துண்டைக் காட்டி, இதுதான் இரைச்சல், எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடு என்றால் எடுத்துவிடும். பேராசைப்பட்டால் குரல் தண்ணீர் டிரம்முக்குள் இருந்து பேசும். ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். குக்கர் விசில் திரையில் தனியாகத் தெரியும், கையாலேயே வெட்டினேன். கீரைக்காரரை வெட்டினேன், நவநாளைக் கரைத்தேன், மாமியார் கூப்பிட்டதை வெட்டினேன். இடையில் சத்தமில்லாத வெற்றிடம் நீளமாக இருந்தால் அதுவே தேடிச் சுருக்கிவிடும் ஒரு வசதி இருந்தது. அதையும் கேட்டுப் பார்க்காமலே தட்டிவிட்டேன். எட்டுப் பாடமும் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிட்டன. அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே பெருமையாக இருந்தது. புதுக் கேசட் வாங்கியிருக்கலாம். அவள் கீறல் போட்ட டப்பாவிலேயே இருக்கட்டும் என்று, ஒடித்த பல்லின் மேல் டேப் ஒட்டி, அதே எட்டுக் கேசட்டுகளில் பதிந்து புதன்கிழமை கொடுத்தனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, மாமியாரிடம் காபி போடச் சொன்னேன். மண்டு.

"மிஸ், இதுல விசில் எல்லாம் எங்க?" என்றாள் அந்தப் பெண்.

"எடுத்துட்டேன்மா. சுத்தமா இருக்குல்ல?"

அவள் அம்மாதான் சொன்னார். "ரெண்டு நாளா அது சரியா சாப்புடல டீச்சரம்மா. படிச்சது எல்லாம் கலைஞ்சு போச்சுன்னு ஒரே பேஜாரு."

பிறகு அவள் பொறுமையாக எனக்கு விளக்கினாள். கேசட்டில் பக்க எண் கிடையாது. வேகமாக ஓட்டிக்கொண்டே கேட்டால் பேச்செல்லாம் கீச்கீச்சென்று போய்விடும், விசில் மட்டும் தனியாகக் கேட்கும். நாலாவது கேசட்டில் மூன்றாவது விசில் வந்தால் நிறுத்துவாள், அடுத்தது வரி வசூல் பற்றிய கேள்வி. சொப்பு என்று கேட்டால் கோயில் கட்டடங்கள். நவநாள் கேட்டால் அது மூன்றாவது பாடம் அல்லது ஐந்தாவது. தேடுவதற்கு மட்டுமல்ல. பதில்களை அவள் மனப்பாடம் செய்ததே அந்தச் சத்தங்களோடு சேர்த்துத்தான்.

"இப்ப எல்லாம் ஒரே மாதிரி போவுது மிஸ். எது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல."

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே கம்ப்யூட்டரைப் போட்டுத் தேடினேன். 'அண்டூ' என்று ஒன்று உண்டு, செய்ததைத் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் ஃபைலை ஒருமுறை மூடிவிட்டால் அதற்கு எதுவும் நினைவிருக்காது. குப்பைத்தொட்டி காலி. எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அதே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதியிருந்தால் ஒன்றும் வராது மேடம் என்று சொல்லி வைத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூடக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் ஒரு 'பீப்' போடலாம் என்று தோன்றியது. ஒரு பாடத்துக்குப் போட்டுக் காட்டினேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"எல்லாப் பீப்பும் ஒண்ணு போலவே இருக்கு மிஸ். இது எதுவோட பீப்புன்னு எப்பிடித் தெரியும்?" பிறகு, "பழையபடி போட்டுத் தாங்க. எது எங்க வரும்னு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். நான் பாடத்தை ஓடவிடுவேன், அவள் கையைத் தூக்கி நிறுத்துவாள். "இங்க. 'ரெவின்யூ'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள விசில்." அந்த இடத்தில் கோட்டை நிறுத்தி அடையாளம் வைப்பேன். அடுத்தது விசில் பிடிக்கும் வேலை. மாமியார் வெறும் தண்ணீரை வைத்து குக்கரை ஏற்றினார். நான் மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் சிவப்பு எரிந்து விசில் உடைந்தது. தள்ளித் தள்ளி வந்து, கடைசியில் பழைய சாப்பாட்டு மேசைக்கே வந்து நின்றேன்.

அதைக் கேட்டுவிட்டு அவள், "இது நம்ம குக்கர் இல்ல மிஸ்" என்றாள்.

மாமியாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "மாதாவே! போன மாசம்தான் வெயிட்ட மாத்துனேன். அது எப்பிடி பாப்பா கண்டுபிடிச்ச?" என்று சொல்லிக்கொண்டே பரணில் இருந்த பழைய வெயிட்டைத் தேடி எடுத்துப் போட்டார். அந்த விசில் சரியாக இருந்தது. நாலாவது கேசட்டின் பி பக்கத்தில் மாமியார் கூப்பிட்ட இடம் ஒன்று இருந்தது. மைக் முன்னால் நின்று, "ஏம்மா, பால்காரர் வந்திருக்கார்" என்று கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்போல் சொன்னார்.

"பாட்டி, அன்னைக்கு நீங்க கோவமா சொன்னீங்க. 'பால்காரன் எவ்ளோ நேரம் நிப்பான்'ன்னு."

"நானா?" என்றார் மாமியார் என்னைப் பார்த்து. பிறகு நிஜமாகவே கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடேயே சொல்லச் சொல்லிப் பதிந்துகொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நவநாளுக்கு வியாழன் வரை காத்திருக்க வேண்டும். திங்கள் பரீட்சை. வியாழன் சாயங்காலம் ஜன்னலில் மைக்கை வைத்து நான் தயாராக இருந்தபோது கரண்ட் போனது. கோயிலில் ஜெனரேட்டர் இருந்தது, செபம் நிற்காமல் நடந்தது. என் கம்ப்யூட்டர்தான் செத்துக் கிடந்தது. அடுத்த வியாழன் வரும்போது பரீட்சையே முடிந்திருக்கும். டார்ச் லைட்டிலிருந்தும் சுவர்க் கடிகாரத்திலிருந்தும் பேட்டரியைப் பிடுங்கினேன். பற்றவில்லை. மாமியார் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். டூ-இன்-ஒன்னில் போட்டு ஜன்னலில் வைத்தபோது செபம் முடியும் கட்டத்தில் இருந்தது. இரண்டு நிமிஷம் கிடைத்தது. அந்த இரண்டு நிமிஷத்தையே வெட்டி வெட்டி ஒட்டி மூன்றாவது பாடத்துக்கும் ஐந்தாவது பாடத்துக்கும் பின்னால் ஓடவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஏழாவது பாடம் மட்டும் மிச்சம் இருந்தது. மாமியார் கடைக்குப் போயிருந்தார். நாங்கள் இருவரும்தான் இருந்தோம். முதல் கேள்வி முடிந்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"இங்க என்ன? விசிலா?"

"இல்ல மிஸ்." தூக்கிய கையை இறக்கினாள். "இங்க நீங்க அழுதீங்க."

எனக்கு நினைவே இல்லை. முதல் கேள்வியைப் படித்தேன், நிறுத்தினேன், பிறகு இரண்டாவதைப் படித்தேன் என்றுதான் நினைவு. பட்டனை நிறுத்தவில்லை போலிருக்கிறது. சத்தம் வராமல் அழுதிருக்கிறேன். திரையில் அது வெற்றிடம்போல் தெரிந்திருக்கும், சாஃப்ட்வேரும் வெற்றிடம் என்றே சுருக்கிவிட்டது.

"நாப்பது எண்ணுவேன் மிஸ். அப்புறம் மூக்கை சிந்திட்டு 'கேள்வி ரெண்டு'ன்னு சொல்வீங்க. அதான் விஜயநகர நிர்வாகம். நான் யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மாகிட்டகூட."

வெட்கமாக இருந்தது. ஒரு வருஷமாக என் குரலைக் கேட்டவள், என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாததைத் தெரிந்து வைத்திருந்தாள். அதையும் பாடத்தோடு பாடமாகப் படித்திருந்தாள். மைக்கைப் போட்டு அழுது பார்த்தேன். தும்மல் வருகிறவள்போல இருந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

"வேணாம் மிஸ். சும்னே, சத்தமில்லாம நாப்பது விடுங்க. அதுவே போதும்."

ரெக்கார்டு தட்டிவிட்டு இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் விரல்விட்டு எண்ணினாள். நாற்பது ஆனதும், "அன்னைக்கு என்ன ஆச்சு மிஸ்?" என்றாள்.

"எனக்கு வேலை போச்சு" என்றேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். திரையைப் பார்த்தால் கோடு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மறந்திருந்தேன். சொன்னது பதிந்துவிட்டது. வெட்டுவதற்காக மவுசை எடுத்தேன். மவுஸ் சத்தத்தை வைத்தே அவள் தெரிந்துகொண்டாள்.

"அதை வெட்டாதீங்க மிஸ். அழுததுக்குப் பதிலா அது இருக்கட்டும்."

என் எண்ணத்துக்கு அவள் பாடத்தில் கை வைத்தது போதும் என்று விட்டுவிட்டேன். இந்த முறை எட்டுக் கேசட்டிலும் பல்லின் ஓட்டையிலிருந்து டேப்பை நானே உரித்தெடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பரீட்சை முடியும் நேரத்துக்குக் கணவர் என்னை ஸ்கூட்டரில் அவள் காலேஜ் வாசலில் கொண்டுபோய் விட்டார். ஷிப்டுக்கு நேரம் இருந்ததால் அவரும் நின்றார். பூக்கார அம்மாள் பாதி கட்டிய பூச்சரத்தோடு வந்திருந்தார். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத வேறொரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். எழுதிய பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் முகம் திரும்பியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"மிஸ்! பத்து மார்க்குக்கு அதே கேள்வி மிஸ்! உங்களுக்கு வேலை போச்சே, அதுக்கு அடுத்த கேள்வி! ஒரு வரி விடாம சொல்லிட்டேன்!"

ஸ்கூட்டரைக் கிளப்பக் காலைத் தூக்கிய கணவர், காலை மெல்லக் கீழே வைத்தார். "எந்த வேலை?" என்றார்.

அந்த வாசலில், அத்தனை பிள்ளைகளும் போய்க்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் அழுகை வந்துவிட்டது. பூக்கார அம்மாள் பதறிப்போய், "டீச்சரம்மா, என்னாச்சு?" என்று கிட்டே வந்தார்.

"இரும்மா" என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னாள். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து நாற்பது வரை எண்ண ஆரம்பித்தாள்.